குழந்தை இளவேனிலைத் தலை பிடித்துத் தூக்கியது பற்றி முத்தையன் சொன்னது

"ஏட்டய்யா, வாங்க. இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. நல்லா இருக்கீங்களா? நேத்து முழங்காலப் புடிச்சிக்கிட்டு நடந்தீங்களே, இப்பத் தேவலையா?"

வாக்குமூலத்தில் இதையும் எழுதிவிட்டீர்கள், பரவாயில்லை. என் பெயர் முத்தையன், வயது 54, தகப்பனார் பெயர் சிவநாதன். காரைக்கால் மாவட்டம் குரும்பகரத்தில் என் தம்பி ராஜ்மோகன் வீட்டுக் கொல்லைப்புற அறையில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து பதினோரு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. படிக்கத் தெரியாது. வாய்க்கால் மதகில் பலகை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறேன்.

தம்பிக்கு ஒரே குழந்தை, இளவேனில், நாலு வயது. கையும் காலும் நீளாத பிறவிக்குறை. அதற்கு அகோண்ட்ரோபிளேசியா என்று பெயர் சொன்னார்கள், எனக்கு வாயில் நுழையாது, நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தபோதே டாக்டர் ஒரு காகிதம் கொடுத்தார். கழுத்தை இழுக்கக் கூடாது, ஒரு வயதுக்குள் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். மயக்கம் கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்க முடியும் என்றதும் தம்பி பயந்து தள்ளிப்போட்டான். இதை அவன் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் காகிதம் டிவிக்கு அடியில் இருந்தது, நான் தினமும் பார்த்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தால் சிவப்ரியா படித்துச் சொல்லியிருக்கும். சிவப்ரியா தம்பியின் மனைவி. நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தையின் இரண்டு காதையும் சேர்த்துத் தலையைக் கையால் பிடித்து மேலே தூக்கி, "பிரான்சு தெரியுதா?" என்று கேட்போம். மற்ற ஊரில் காசி என்பார்கள், மெட்ராஸ் என்பார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்கிய ஒருவர் இருந்தார், அவர் ஆரம்பித்து வைத்தது. அவர் வீட்டு நாய்க்கும் பிரெஞ்சுதான் புரியும், நாங்கள் சோறு வைத்தால் திரும்பிப் பார்க்காது. சரி, அது வேண்டாம்.

தெருவில் எல்லாக் குழந்தைகளையும் நான்தான் தூக்குவேன். இளவேனிலை யாரும் தூக்க மாட்டார்கள். ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாள், மற்றப் பிள்ளைகளைத் தூக்கி இறக்கியபோது இவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் பிரான்சு கெடையாதா பெரியப்பா?" என்று கேட்டாள். தூக்கினேன். என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, "ஒங்க சோத்துப் பானை தெரியுது, காலியா இருக்கு" என்றாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் என் அறைக்கு வருவாள், தூக்குவேன். அந்த அறைக்கு வேறு யாரும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அவள் கேட்டதற்காக மட்டும் தூக்கவில்லை. தினமும் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஒரு விரற்கடையாவது வளர்வாள் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. கதவு நிலையில் அவள் உயரத்துக்குக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஐப்பசியில் ஒரு நாள் இறக்கிவிட்டபோது, "கையில எறும்பு ஓடுது பெரியப்பா" என்றாள். பிரான்சில் குளிர் அதிகம், அதுதான் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதன் பிறகு நடக்கும்போது விழ ஆரம்பித்தாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சிவப்ரியா சொன்னது. அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. காரைக்காலில் காட்டி, அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு, இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம்.

ஸ்கேன் எடுக்கும்போது உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி, நர்ஸ் அம்மா அவளுடைய அரைஞாண்கொடியைக் கத்தரித்து என் கையில் கொடுத்தார்கள். இதோ சட்டைப்பையில் இருக்கிறது. மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நின்றேன், தண்ணீர் வராத போர்செட்டு மோட்டார் அடித்துக்கொள்வதுபோல் உள்ளே சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம்.

அதன் பிறகு டாக்டரம்மா படத்தைக் காட்டினார்கள். மண்டையோட்டின் அடியில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் முதுகுத்தண்டு நரம்பு இறங்குகிறது. நரம்பின் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்க வேண்டும், அது படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்றார்கள். மேலே இருந்தது, கீழே இருந்தது, துவாரத்துக்கு நேராக மட்டும் இல்லை. முப்பது வருடம் மதகில் நின்றவன், எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் நரம்பு நசுங்கி, அதற்குள்ளேயே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

எப்படி ஆனது என்று கேட்டபோது தம்பி என்னைக் காட்டினான். நானும் ஆமாம் என்றேன். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதினார்கள். என்னால்தான் ஆனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தொவாரம் பொறவியிலயே சின்னதுங்க. மத்தது எப்ப ஆச்சு, யாரால ஆச்சுன்னு படம் சொல்லாது. ஆனா தலையப் புடிச்சுத் தூக்கினது தப்பு."

இது மூன்று தரம் கேட்டு வாங்கிய பதில். மூன்று தரமும் இதையேதான் சொன்னார்கள்.

அதன் பிறகு நேற்று அந்தத் துவாரத்து எலும்பைச் செதுக்கி அகலப்படுத்தினார்கள், நாலரை மணி நேரம். நீங்களும் பார்த்துவிட்டு, இன்று எழுதிக்கொள்ளலாம் என்று போனீர்கள். காலில் அசைவு திரும்புமா என்று அவள் நன்றாக விழித்த பிறகுதான் தெரியுமாம். எனக்குத் தெரிய வேண்டியதும் அது ஒன்றுதான், வழக்கு எப்படிப் போனாலும் சரி.

வியாழக்கிழமையிலிருந்து ஒன்பது நாளாகத் தம்பி என்னிடம் பேசவில்லை. காலையில் டீ வாங்கி வருவான். கையில் கொடுக்க மாட்டான், அந்த ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவான். சர்க்கரை இல்லாத டீதான் வைப்பான், எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை மறக்கவில்லை. ஊரில் நான் பேச ஆரம்பித்தால் விடமாட்டேன் என்று ஆட்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இந்த ஒன்பது நாளில் நான் அதிகமாகப் பேசியது உங்களிடம்தான்.

கதவு நிலையில் போட்ட கோடு எட்டு. எட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் வாசித்துக் காட்டியதைக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை, நடந்ததில் எதையும் மறைக்கவில்லை. இதற்கு ஒப்புதலாக என் இடது கைப் பெருவிரலை மையில் வைத்து, கொஞ்சம் இருங்கள் ஏட்டய்யா, தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறான்.

"ண்ணே, பாப்பா முழிச்சிட்டா. ஒரு கால மடக்குறா. பிரான்சு பெரியப்பா எங்கன்னு கேக்குறா, வந்து நில்லு. கழுத்துக்கிட்ட மட்டும் கையக் கொண்டு போயிறாத."

ரேகை எங்கேயும் போகாது ஏட்டய்யா, வந்து வைக்கிறேன், இந்த விரலில் இருக்கிற மையை மட்டும் எதிலாவது துடைத்துக்கொண்டு