தவிசாளரின்ரை ஆள்

ஓம், எமில்ராஜின்ரை தமக்கைதான் நான், ஸ்ரெல்லா. தேத்தண்ணி வேண்டாம் மீனாம்பிகையக்கா, நீங்கள் இருங்கோ. ஆஸ்பத்திரியிலை இருந்து நேரா வாறன். பொறுங்கோ, சொல்லுறன். அதுக்கு முதல் உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும் போல கிடக்கு.

நான் கம்பசிலை அரசியல் படிப்பிக்கிறனான். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியிலை ஆண்டவை எப்பிடி ஆண்டவை, அதைப் பக்கத்திலை நிண்டு பாத்தவை என்ன எழுதினவை எண்டது. உது எங்களுக்கு என்னத்துக்கு மிஸ் எண்டு பெடியள் கேக்கிறவங்கள்.

அதிலை ஒரு சம்பவம் வருகுதக்கா. ஒரு இளவரசன் புதுசா ஒரு ஊரைப் பிடிக்கிறான். ஒரே களவும் சண்டையும். தானே போய் அடக்கினால் சனம் தன்னை வெறுக்கும். அதாலை ஒரு முரட்டு ஆளை அனுப்புறான், நீ என்னவும் செய் எண்டு. அந்தாள் போய்க் கெதியிலையே ஊரை அடக்கிப்போட்டுது. சனத்துக்கு அவரிலை சரியான ஆத்திரம். ஒருநாள் விடியச் சனம் வந்து பாத்தால், அந்தாள் ரெண்டு துண்டாச் சந்தியிலை கிடக்கிறார். செய்வித்தது இளவரசன்தான். சனத்துக்கு ஆத்திரமும் ஆறிச்சுது, வாயும் அடைச்சுது.

வருசா வருசம் இதைப் படிப்பிக்கிறன்.

பேந்து என்ரை தம்பி பிரதேச சபையிலை வேலைக்குச் சேந்தான். தவிசாளர் கனகரத்தினம் ஐயாவின்ரை வலக்கை எண்டு அம்மாவுக்குப் பெருமையெண்டால் அப்பிடியொரு பெருமை. சந்தை றோட்டை அகட்டவேணும், ஓரக்கடையளை எடுக்கவேணும் எண்டு வந்த நேரம் ஐயா கொழும்புக்குப் போட்டார். எமில்தான் ஜேசிபியோடை வந்தவன். உங்கடை கடை, தராசு, வெங்காய மூட்டை... ஓமக்கா, தெரியும். நீங்கள் குளறக் குளற அவன் நிப்பாட்டேல்லை. அவனுக்காக நியாயம் கதைக்க நான் வரேல்லை.

ஆனா நான் முதலே கேட்டனான், ஏன்ரா அவர் தான் நிக்காமல் உன்னை அனுப்புறார் எண்டு. இத்தாலிக் கதையையும் சொன்னனான். சிரிச்சான். ஸ்ரெல்லாக்கா, உது உங்கடை சோதனைப் பேப்பருக்கு, இது யாழ்ப்பாணம், ஐயா என்னைப் பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறார் எண்டான்.

பிறகு கூட்டம் நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே. ஐயா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். தனக்குத் தெரியாமல் இந்த அநியாயம் நடந்திட்டுது, எமில்ராஜை வேலையாலை நிப்பாட்டிப்போட்டன், எல்லாருக்கும் புதுக்கடை தாறன் எண்டார். சனம் கைதட்டிச்சுது. நீங்களும் தட்டினியளோ? பரவாயில்லையக்கா. றோட்டும் அகண்டிட்டுது, கடையும் வந்திட்டுது. ஆர் தட்டாமல் விடுவினம்?

எமில் அவரோடை கோவிக்கேல்லை. இது சும்மா சனத்துக்குக் காட்டுறது, ஆறினாப்பிறகு கூப்பிடுவார் எண்டு சேட்டு அயன் பண்ணி வைச்சுக்கொண்டு ஃபோனையே பாத்துக்கொண்டிருந்தான். நான் என்னத்தைச் சொல்ல? சொன்னாக் கேக்கிறவனே?

செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்கு முருங்கைக்காய் வேண்டியாறன் எண்டு சந்தைக்கு வெளிக்கிட்டவன். ஆர் முதல் அடிச்சது எண்டு பொலிசுக்கும் தெரியாது. எனக்குத் தெரியவும் வேண்டாம். அத்தனை சனத்துக்குள்ளை அவன்ரை தலையைத் தூக்கி மடியிலை வைச்சு, ஓட்டோ பிடிச்சுக் கொண்டந்து சேத்தது நீங்கள். உங்கடை கடையை அவன் உடைச்சவன்.

அதுக்குப் பிறகு அவன் கண் முழிக்கேல்லையக்கா. இண்டைக்குக் காலமை போயிட்டான்.

அழாதேங்கோ. நாளைக்கு அடக்கம், குருநகர்ச் சேமக்காலையிலை. நான் வந்தது என்னெண்டால்... கடைசியா அவன் நினைவோடை இருக்கேக்கை பக்கத்திலை இருந்தது நீங்கள்தான். ஓட்டோவுக்குள்ளை ஏதும் சொன்னவனோ? அம்மாவைக் கேட்டவனோ? என்னை?

சொல்லுங்கோ, பரவாயில்லை.

ஐயாவுக்கு ஃபோன் எடுங்கோ, ஐயா உடனை வருவார் எண்டோ சொன்னவன்?

ஓமக்கா. வருவார். காலமையே எடுத்துக் கதைச்சிட்டார். சேமக்காலையிலை முதல் பேச்சுத் தன்ரையாம். அம்மா ஓம் எண்டிட்டா.