பன்னிரண்டு டிராயர்களும் ஒரே அளவு

புதுச் சமையலறை கட்டப்போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தட்டுகளை மேல் அலமாரியில் வைக்காதீர்கள் என்பதுதான். தட்டும் கிண்ணமும் இடுப்புக்குக் கீழே, டிராயரில் இருக்க வேண்டும். கையைத் தூக்கி எடுக்கிற பாத்திரம் என்றைக்காவது ஒருநாள் காலில்தான் விழும். எங்கள் தச்சர் உங்களை அனுப்பி வைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சமையலறையைப் பார்க்க முன்பின் தெரியாத ஒருவர் பஸ் ஏறி வருகிறார் என்றால் சும்மாவா. உட்காருங்கள், டீ தயாராகத்தான் இருக்கிறது.

உள்ளே வந்ததுமே, எல்லா டிராயரும் ஏன் ஒரே அளவு என்று கேட்டீர்கள். கெட்டிக்காரி நீங்கள். வருகிறவர்கள் எல்லாரும் நிறம் நன்றாயிருக்கிறது என்பார்கள், கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது.

இங்கே முன்பு இருந்தது என் நாத்தனாரின் சமையலறை. என் கணவருக்கு அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். நல்லவர். இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதை கேட்கிறவர்கள் உடனே நாத்தனார் கொடுமை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. நான் வெங்காயம் நறுக்கினால் பக்கத்தில் வந்து நிற்பார். "தள்ளு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்பார். கத்தி அவர் கைக்குப் போய்விடும்.

அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. நான் ஒரு கரண்டியை அடுப்புக்கு இடதுபுறம் வைத்தால், சாயங்காலம் அது வலதுபுறம் இருக்கும். திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்துவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு தேக்கரண்டிகூட நான் வைத்த இடத்தில் ராத்தங்கியதில்லை. சின்ன விஷயம்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணியின் கை இருக்கிறதே, அது ஒரு அதிசயம். அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கை தன் பாட்டுக்குப் பின்னால் போகும், வேண்டியதைக் கொண்டுவரும். டப்பாக்களுக்கு மூடி போடவிடமாட்டார். மூடி திறக்கிற நேரத்தில் தாளித்தது கருகிவிடும் என்பார். ருசி பார்க்காமல் உப்புப் போடுவார், கல் பிசகாது. வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

மரம் உளுத்துப்போய், சமையலறையை மாற்றிக் கட்டலாம் என்று என் கணவர் சொன்னபோது, எங்கே கைவைப்பது என்று அண்ணிக்குப் புரியவில்லை. "எனக்கு இந்த அளவெல்லாம் தெரியாது. அவ பாத்துக்கட்டும்" என்றார். அப்படியாக அது என்னிடம் வந்தது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன். கட்டம்போட்ட தாளில் வரைந்து வரைந்து அழித்தேன். தரையில் நிறநாடா ஒட்டி, இல்லாத டிராயர்களைத் திறந்து மூடிப் பார்த்தேன். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. "தூங்கும்போதாவது கழட்டும்மா, தாலின்னு நினைச்சுட்டியா" என்று என் கணவர் கிண்டல் செய்தார். கடையில் மெதுவாகத் தானே மூடிக்கொள்கிற டிராயர் ஒன்றைத் திறந்து காட்டினார்கள். அது உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு உள்ளே போனது. நான் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடியதில், கடைக்காரர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

தச்சர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "மேல சின்னது, கீழ பெருசு, அதானேங்க வழக்கம்? கரண்டிக்கு இவ்வளவு ஆழம் எதுக்கு?"

"பார்வைக்கு அழகா இருக்கும்ல" என்றேன்.

"கைப்பிடியும் வேணாமா?"

"வேணாம். தள்ளினா திறக்கட்டும்."

"சரிங்க. எனக்கென்ன, ஒரே அளவுன்னா அறுக்கறது சுலபம்" என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது எனக்கும் அழகைத் தவிர வேறு எண்ணம் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். உள்ளே வைக்கிற டப்பாக்களையும் அதே மாதிரி, எல்லாம் வெள்ளை, எல்லாம் சதுரம் என்றுதான் வாங்கினேன். பெயர் எழுதி ஒட்டட்டுமா என்று அண்ணியிடம் கேட்கவும் செய்தேன். அவர் சிரித்தார். "என் கைக்குப் படிக்கத் தெரியாது கண்ணு."

வேலை முடிந்த அன்று தச்சர் எனக்கு ஒன்று காட்டிக்கொடுத்தார். டிராயரை முழுக்க இழுத்து, அடியில் இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன நாக்கை அழுத்தினால், பெட்டி முகப்போடு கழன்று கையில் வந்துவிடும். சுத்தம் செய்வதற்காக. "எல்லாம் ஒரே அளவுங்கறதால எதை எங்க மாட்டினாலும் உக்காந்துடும், பாத்துக்குங்க" என்றார். எச்சரிக்கையாகத்தான் சொன்னார், பாவம்.

அண்ணி இரண்டே வாரத்தில் பன்னிரண்டு டிராயர்களையும் கைக்குப் பழக்கிவிட்டார். மறுபடியும் கண் அடுப்பில், கை பின்னால். நான் இவ்வளவு ஆசையாக அமைத்த இடத்தில் மறுபடியும் "தள்ளு கண்ணு".

முதல் தடவை மாற்றியது சும்மா ஒரு விளையாட்டுக்கு. கரண்டி டிராயரைக் கழற்றி, துணி டிராயர் இருந்த இடத்தில் மாட்டினேன். துணி டிராயரைக் கரண்டி இடத்தில். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. அண்ணி முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். கை பின்னால் போனது, ஒரு கைதுடைக்கிற துணியோடு திரும்பி வந்தது. அதை வாணலிக்கு மேல் பிடித்தபடி ஒரு கணம் அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குளியலறைக்குள் ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

திரும்பி வருவதற்குள் அவர் கரண்டியைத் தேடிப் பிடித்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் பழையபடி மாற்றிவிட்டேன். அதுதான் முக்கியம். மாற்றியதோடு விட்டால் வெறும் குழப்பம். திரும்ப மாற்றி வைத்தால்தான் மனிதருக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும்.

டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. அது சர்க்கரைதான்.

பிறகு எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்தது. காலையில் எழும்போதே இன்றைக்கு எதை எங்கே என்று மனம் துள்ளும். சிறு பெண்ணைப் போல் ஆகிவிட்டேன். உங்கள் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். தேயிலை இருந்த இடத்தில் மிளகு, மிளகு இருந்த இடத்தில் தீப்பெட்டி. அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். நான் போய், மிகவும் மெதுவாக, அன்பாக, "என்ன அண்ணி தேடறீங்க? இங்கதானே இருக்கு, எப்பவும் இங்கதானே" என்று எடுத்துக் கொடுப்பேன். குரலை உயர்த்தியதே இல்லை. அந்த வகையில் அவரிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

அவர் பாட்டு முணுமுணுப்பது நின்றது. பிறகு பின்னால் போகிற கை நின்றது. ஒவ்வொரு டிராயருக்கு முன்னாலும் நின்று, உதட்டை அசைத்து எண்ணிப் பார்த்துத்தான் திறந்தார். அப்படித் திறந்தும் தப்பாகப் போகும்.

"அக்காவுக்கு என்னமோ ஆகுது. கவனிச்சியா?" என்றார் என் கணவர். கண் கலங்கியிருந்தது.

"வயசாகுதுல்ல. நாமதான் பாத்துக்கணும்" என்றேன்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். இன்று என்ன கிழமை, பிரதமர் யார் என்றெல்லாம் கேட்டார். அண்ணி டக் டக்கென்று சொன்னார். ஆனால் டாக்டர் கடைசியில், "வீட்ல என்ன மாதிரி சிரமம்?" என்றதும், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என் வீட்டு உப்பு எங்க இருக்குன்னு தெரியல டாக்டர்" என்று சொல்லி அழுதுவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். சமைப்பதை அவர் விட்டுவிட்டால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். "ஒரு வேலையும் செய்யலன்னா நான் எதுக்குடி?" என்றார்.

உப்பு, நடு வரிசையில் மேலே இருந்தது. சலவைச் சோடா, கடைசி வரிசையில் கீழே. இரண்டும் வெள்ளை, இரண்டும் மூடியில்லாத சதுர டப்பாவில், ஒரே மாதிரி குட்டிக் கரண்டியோடு. நான் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் வாயும் தொண்டையும் வெந்துபோகும், உயிர் போகாது. அஜாக்கிரதையாக எதையும் செய்கிறவள் இல்லை நான்.

அன்று பருப்பு வேகவைத்திருந்தார். என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகச் சாப்பிடுகிறவர். மூன்றாவது வாய்க்குத்தான் அவருக்கே தெரிந்தது. அன்று எனக்குப் பசியில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார், நன்றாகத் தேறிவிட்டார். குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பாகிவிட்டது. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. அண்ணிதான் தேறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் வளர்த்த பிள்ளைய நானே கொன்னிருப்பேனே. என்னைய எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு கண்ணு. உன் கால்ல விழறேன்" என்றார். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. நான் ஒன்றும் கல் இல்லை. நல்ல முதியோர் இல்லமாக நானே நாலு இடம் அலைந்து பார்த்துச் சேர்த்தேன். கிளம்புகிற அன்று பன்னிரண்டு டிராயர்களிலும் எது எது இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே சரியாகச் சொன்னார்.

அவர் போன அன்று சாயங்காலம் அடுப்புக்கு இடதுபுறம் ஒரு கரண்டியை வைத்தேன். காலையில் அது அங்கேயே இருந்தது. ரேடியோவைப் போட்டு, தனியாக, இந்தத் தரையில் ஒரு சுற்று ஆடினேன். சிரிக்காதீர்கள். சரி, நீங்கள் சிரிக்கவில்லை.

போன வாரம் இல்லத்துக்குப் போயிருந்தேன். மாதம் தவறாமல் போவேன்; பார்த்தால் இருவருமே உடைந்துபோவார்கள் என்று என் கணவரை மட்டும் அழைத்துப் போவதில்லை. பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு ஒண்ணுமே இல்லைங்க. எங்க சமையல்கட்டே இப்ப அவங்க கையிலதான். எங்க எது இருக்குன்னு எங்களுக்கே அவங்கதான் எடுத்துக் குடுக்கறாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். திறந்த பலகையில் வரிசையாக டப்பாக்கள். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றார், கை பின்னால் போய் வந்துகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன ஆரஞ்சை உரித்து, பாதியை என் கையில் வைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரிடம் கேட்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"இங்க எனக்கு எதுவும் மறக்கல கண்ணு. தம்பி ஞாபகமாவே இருக்கு. வீட்டுக்கு வந்துடட்டுமா? அடுப்புப் பக்கமே வரமாட்டேன். ஒரு மூலைல இருந்துக்கறேன்."

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "இங்க நல்லாயிருக்கீங்க அண்ணி. அங்க வந்தா மறுபடி ஆரம்பிச்சிடுமோன்னு பயமா இருக்கு. இன்னொரு தடவை அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களால தாங்க முடியுமா?"

அவர் உடனே தலையை ஆட்டினார். முடியாது, முடியாது என்று. சமாதானமாகிவிட்டார். வாசல்வரை வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் வரேன்னு கேட்டத தம்பிகிட்ட சொல்லிடாத. மனசு ஒடஞ்சிடுவான்" என்றார். சொல்லமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

என் கணவர் தினமும்தான் கேட்கிறார், அக்கா வீட்டுக்கு வரணும்னு ஏதாவது சொன்னாங்களா என்று. எனக்கு வாய்வரைக்கும் வந்துவிடும். ஆனால் அண்ணிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அதற்குத் துரோகம் செய்ய என்னால் முடியாது.