லோர்னாவோட லிஸ்ட்டுல முதல் பேரு

ஹீட்டரா? வீட்டச் சூடாக்குறதுக்கு இந்தக் கீழ்த்தளத்துல வச்சிருக்காங்களே, அதத்தாம்மா பாத்துட்டு வர்றேன். உக்காருங்க, படியிலயே உக்காருங்க. வீட்ட விக்கிறவங்க வெளிய போயிட்டாங்க, நான் சோதிக்கிறப்ப அவங்க இருக்கமாட்டாங்க. உங்க ஏஜென்ட் லோர்னா மேல கிச்சன்ல போன் பேசிட்டிருக்கா.

ஆமா, அவ இவன்னுதான் சொல்லுவேன். பத்தொம்பது வருசப் பழக்கம். வீடு வாங்குறவங்களுக்கு அவ மூணு பேர் எழுதிக் குடுப்பா, யார வேணா கூப்பிட்டு வீட்டச் சோதிச்சுக்கோங்கன்னு. முதல் பேரு வெர்னான் ஸ்ட்ராப். நாந்தான். எல்லாரும் முதல் பேரத்தானே கூப்பிடுவாங்க? நீங்களும் அப்படித்தானா? பாத்தீங்களா!

கெட்டிக்காரன்னா முதல்ல போட்டிருக்கா? அட போங்கம்மா. நான் நாசூக்கா எழுதுவேன், அதுக்குத்தான். கூரை ஒழுகும்னு எழுத மாட்டேன், கூரைக்கு வயசாயிருச்சும்பேன். இதே டேட்டன் ஊர்ல டக் ரீமர்னு ஒருத்தர், என்ன மாதிரியே வீடு சோதிக்கிறவரு, உள்ளத உள்ளபடி எழுதுவாரு. வியாபாரத்தையே கொன்னுடுறாருன்னு ஏஜென்ட்டுங்க அவருக்கு எமன்னு பேரு வச்சாங்க. அப்புறம் ஒருத்தரும் கூப்பிடல. இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு.

சரி, ஹீட்டருக்கு வர்றேன். உள்ள தகடு வெடிச்சிருக்கு, விரல் நீளத்துக்கு. சின்னக் கண்ணாடி ஒண்ண உள்ள விட்டு ரெண்டு தடவ பாத்துட்டேன். அது வழியா வர்ற விஷப் புகைக்கு வாசனையே கிடையாது. தூங்குறவங்க தூங்குனபடியே போயிருவாங்க. உங்க பொண்ணு எந்த ரூம்ல படுக்கப் போறா? ஐயோ, நேர் மேலயா.

லோர்னாகிட்ட மொதல்ல சொன்னேன். வெர்ன், பழசு, அப்பப்ப கவனிச்சுக்கணும்னு போடு போதும், பனி விழறதுக்குள்ள வீடு வாங்குற அந்தப் பொண்ணுக்கு வேற வீடு கிடைக்காதுன்னு உங்களத்தான் சொன்னா. கெட்டவ இல்லம்மா அவ. என் பெண்டாட்டி செத்துப் போனப்ப ரெண்டு வாரம் சாப்பாடு கொண்டாந்து வச்சவ. இப்பவும் வீட்டுல போன் அடிச்சா அவதான். பையனா? அலாஸ்கால இருக்கான். கிறிஸ்துமஸுக்கு கார்டு வரும்.

இருங்க, கதவு சாத்துற சத்தம். அவதான், கார எடுக்குறா. ரிப்போர்ட் அவளுக்கும் போயிருக்கும்ல. இப்பதான் கீழ இருந்தே அனுப்பினேன். உங்க போன்லயும் இருக்கும், எடுத்துப் பாருங்க. முதல் வரி. ஹீட்டரப் போடவே கூடாது, மாத்தாம குடிவரக் கூடாது. அவ்ளோதான், நாசூக்கெல்லாம் ஒண்ணும் இல்ல.

சே, எதுக்கும்மா அழறீங்க? ஹீட்டர மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க, முடியாதுன்னா விட்டுட்டுப் போங்க.

எனக்கா? எனக்கென்னம்மா. செவ்வாக்கிழமை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், சின்னதுதான், அன்னிக்கே அனுப்பிருவாங்க. ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக தெரிஞ்சவங்க வந்து நின்னாத்தான் விடுவாங்களாம், டாக்ஸியெல்லாம் ஆகாதாம். யாரு வருவாங்கன்னு எழுத ஆஸ்பத்திரி ஃபாரத்துல ஒரு கட்டம். லோர்னா பேரத்தான் எழுதிக் குடுத்திருந்தேன். இனி அத அடிக்கணும். காலியா விட்டா உள்ளயே சேக்க மாட்டாங்களாம்.