பன்னிரண்டில் வந்த பதில்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்களில் ஒருவன் சொன்னான்: “மச்சான், கனியைக் கட்டிக்கட்டுமான்னு கேட்டேன். எங்க அத்தா துபாய்லேருந்து நம்பரும் இங்கிலீஷ் எழுத்துமா அனுப்பியிருக்காரு.”

கம்ப்யூட்டர் படிக்கும் மற்றவன், அப்பாவின் பதில் இருந்த செல்போனை வாங்கினான். நானும் எட்டிப் பார்த்து எண்ணினேன். 0B9A0BB00BBF. பன்னிரண்டு.

“அவரு தமிழ்ல அடிச்சிருக்காருடா. உன் டப்பா போனுக்குத் தமிழ் தெரியாது, அதான் இப்படிக் காட்டுது.”

“நெட் சென்டர்ல எழுத்தா மாத்திப் பாத்தேன். குப்பையா வந்துச்சு.”

“ரெண்டு ரெண்டா பிரிச்சிருப்ப. அது இங்கிலீஷுக்கு. இத நாலு நாலா பிரிக்கணும். ப்ராஜெக்ட் பண்ணி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. ஜீரோ பி நைன் ஏ, ச. ஜீரோ பி பி ஜீரோ, ர.”

“சரிப்படாதுன்னு சொல்றாரா?”

“இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ஜீரோ பி பி எஃப். ர மேல போடுற கொக்கி.”

“போட்டா?”

“சரி.”

அத்தாவிடம் கேட்டிருந்தவன் அதை மூன்று முறை சத்தமாகச் சொன்னான். நடத்துனரே திரும்பிப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். ‘சரி’ இரண்டே எழுத்து. செல்போன் மூன்றாக எண்ணுகிறது. இப்படி எண்ணுவதை நம்பலாமா என்று எனக்குக் கவலை. அவனுக்கு இல்லை.

“உன் போனைக் குடு மச்சான். கனிக்குத் தமிழ்லயே மெசேஜ் போடுறேன்.”

“கூப்பிட்டே சொல்லிடு. அவ போனும் டப்பாதான்.”