அஞ்சு புள்ளிக்காரி

போன வருஷம் ஜூன் பதினொண்ணு, புதன்கிழமைம்மா. அதுல மட்டும் தப்பு வந்துடக் கூடாது, நல்லா எழுதிக்குங்க. முந்தின நாள் பூரா மழை. அன்னிக்குக் காலையில மழை விட்டுடுச்சு. ஆனா வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. வானம் வெந்நீர்ப் பானை மூடி மாதிரி கவிழ்ந்து கிடந்தது. அந்த மாதிரிப் புழுக்கத்துலதான் ஆமைங்க ஏரியை விட்டு மேல ஏறும்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. சத்தம் ஒண்ணும் இல்ல, ரெண்டாம் நம்பர் மோட்டார் இருமுது. பதினெட்டு வருஷமா இந்த பம்ப் ஹவுஸ்ல எனக்குக் காலை ஷிப்ட். அதுவும் பதினெட்டு வருஷமா இருமிக்கிட்டுத்தான் இருக்கு.

உங்க பேப்பர்ல தலைப்பு என்ன வெச்சிருக்கீங்க? நானூறு ஆமைகளைக் காத்த மனிதர். ம். அதுக்காகத்தாம்மா உங்களை நேர்ல வரச் சொன்னேன். போன்லயே சொல்லியிருக்கலாம். வாய் வரல.

இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. இந்தப் பக்கம் ஏரி. அந்தப் பக்கம் தெரியுது பாருங்க, அது மணல்மேடு. நடுவுல ரோடு. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு நாலு சைக்கிள் போனாப் பெரிசு. அகலப்படுத்தினப்புறம் லாரி நிக்காமப் போகுது. ஒரு நாள் காலையில ஆமை ஒண்ணு அடிபட்ட சத்தம் இந்த மேஜை வரைக்கும் கேட்டது. மோட்டார் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதும்மா. மறுநாளே சிவப்புத் துணியும் காலிப் பெயின்ட் வாளியும் எடுத்துக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டேன். நாலு வருஷம், ஒரு சீசன் விடாம.

பிடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. வாலைப் பிடிக்கக் கூடாது, தலைப்பக்கம் கையைக் கொண்டு போகக் கூடாது. ஓட்டோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு, தரையை விட்டு ரொம்ப உயரத் தூக்காமப் போகணும். தூக்கின உடனே கையில ஒண்ணுக்குப் போயிடும். சிரிக்காதீங்க, அது நன்றி சொல்ற விதம்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். நன்றியில்லம்மா அது. திட்டு.

தூக்கிக்கிட்டுப் போய் எங்க விட்டீங்கன்னு நீங்க இன்னும் கேட்கல பாருங்க. யாருமே கேட்கல. லாரிக்காரங்க ஹாரன் அடிக்காம நின்னாங்க. ஸ்கூல் வேன்ல குழந்தைங்க கை தட்டினாங்க. ஒருத்தரும் கேட்கல.

ஏரியிலதான் விட்டேன்.

ஆமைன்னா தண்ணியில இருக்கிற ஜீவன். ஏதோ வழி தவறி ரோட்டுக்கு வந்துடுச்சு, பத்திரமா வீட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துடணும். என் புத்தி அவ்வளவுதான் போச்சு. ஒவ்வொரு தடவையும் ஓட்டு மேல ஒரு வெள்ளைப் புள்ளி வெப்பேன். வால்வுக்கு அடிக்கிற பெயின்ட்தான். ரெண்டு நாள் கழிச்சு அதே புள்ளிக்காரி திரும்ப வந்து நிப்பா. இன்னொரு புள்ளி. நீங்க நானூறுன்னு எழுதியிருக்கீங்களே, அது நானூறு ஆமை இல்ல, நானூறு தடவை. நூத்துச் சொச்சம் ஆமைதான் இருந்திருக்கும். அதுல ஒருத்திதான் அஞ்சு புள்ளிக்காரி. அப்படி ஒரு பிடிவாதம். முந்தாநாள்தானேடி கொண்டுவந்து விட்டேன், அங்க உனக்கு என்னடி வேலைன்னு திட்டிக்கிட்டே தூக்குவேன். செல்லமாத்தான்.

பதினொண்ணாம் தேதி அவ ரோட்டை முக்காலே மூணு வீசம் தாண்டிட்டா. இன்னும் ரெண்டடி போனா மண்ணு. நான் ஓடிப்போய், வந்த லாரியை நிறுத்தி, அவளை வாளியில போட்டு, ஏரிக்கரைக்கு எடுத்துக்கிட்டு வர்றேன். வாளிக்குள்ள டொக்குன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா முட்டை. வெள்ளையா, நீளவாக்குல, என் கட்டைவிரல் அளவு இருக்கும். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு. எத்தனை நாளா அடக்கி வெச்சிருந்தாளோ.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி சாப்பாட்டுக் கூடையோட வந்தா. வாளியைப் பார்த்தா. மணல்மேட்டைப் பார்த்தா. முட்டை வைக்கறதுக்கு அது அந்தப் பக்கம் போகுது, நீங்க ஏன் வந்த பக்கமே கொண்டாந்து விடறீங்கன்னு கேட்டா. லாரியில அடிபடாம காப்பாத்தறேன்னு சொன்னேன். எங்க போறேன்னு அதுகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களான்னா. ஆமைகிட்ட எப்படிடி கேட்கறது, அதுக்கு வாயா இருக்குன்னேன். சிரிப்பான்னு நெனச்சேன். மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்தாலே போதும், வாய் இருந்து சொன்னதை மட்டும் கேட்டுட்டீங்களான்னா. கூடையைக் கீழ வெச்சுட்டுப் போயிட்டா.

அஞ்சு புள்ளிக்காரியை அப்பவே தூக்கிக்கிட்டுப் போய் மணல்மேட்டுல விட்டேன், விடாம இருப்பேனா? அசையாம உட்கார்ந்திருந்தா. ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டல. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி, தானே ஏரிப்பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா. நான் துணியைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

இப்ப மூஞ்சி திரும்பியிருக்கிற பக்கம்தாம்மா விடறேன். இந்த வருஷம் ஏறி வந்தது மூணே மூணு. குஞ்சு ஒண்ணுகூட என் கண்ணுல படல. அவளும் வரல. இதெல்லாம் எழுதுங்க. தலைப்பை மட்டும் மாத்திடுங்க.

வாய் இருந்து சொன்னதுன்னா என்னன்னு கேட்கறீங்களா? அது வந்து... அது உங்க பேப்பருக்கு வேண்டாம்மா. பேனாவை மூடிடுங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு. உங்க வயசுதான் இருக்கும். கட்டிக் கொடுத்தப்புறம் மூணு தடவை பையோட வந்தா. இதே ரோட்டுலதான், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவா. முதல் தடவை உதடு வீங்கியிருந்தது. ரெண்டாவது தடவை எதுவும் தெரியல, முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா. கோபம் தணிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு ஸ்கூட்டர்ல உட்கார வெச்சு, வழியில டீ வாங்கிக் கொடுத்து, அவ புருஷன் வீட்டு வாசல்ல பத்திரமா இறக்கி விட்டேன். மூணாவது தடவை, இனிமே அங்க போக மாட்டேன்ப்பான்னு சொல்லிக்கிட்டே எங்க வாசப்படியில ஒரு கால் வெச்சுட்டா. பையைக் கீழ வைக்கக்கூட விடல நான்.

பதினொண்ணாம் தேதி ஷிப்ட் முடிஞ்சு நான் வீட்டுக்குப் போகல. நேரா அங்க போனேன். அவதான் கதவைத் திறந்தா. வாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்னேன். எந்த வீட்டுக்குப்பான்னு கேட்டா. கோபமா இல்ல, மணி என்னன்னு கேட்கிற மாதிரி. டீ போட்டுக் கொடுத்தா, குடிச்சேன். நான் வண்டியைக் கிளப்பற வரைக்கும் வாசல்ல நின்னா. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். வரல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டு வெச்சுடறா.