மூன்று தையல் சான்றிதழ்

கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"அரசாங்கச் செலவிலை மூன்றுதரம் தையல் படிச்சிட்டன். எட்டு வருசமாய் வேலை மட்டும் இல்லை," என்றாள் ஒருத்தி. கையில் விண்ணப்பம் இருந்தது. "இந்தமுறை படகு எஞ்சின் திருத்தப் படிக்கப்போறன்."

மற்றவள் சிரித்தாள். "உனக்கென்ன விசரே மேரி? சும்மா படிப்பிக்கினமெண்டு கண்டதையும் படிக்கிறதே?"

"ஊரிலை தைக்கிறவை பத்துப்பேர். எஞ்சின் திருத்த ஒருத்தருமில்லை."

"ஆம்பிளையள் உன்னட்டை எஞ்சினைத் தருவினமே?"

"கடலுக்குப் போகேலாமல் கரையிலை நிக்கிறவை தருவினம்."

பிரதேச செயலகத்தடியில் மேரி இறங்க எழும்ப, மற்றவள் அவளின் கையைப் பிடித்தாள்.

"மேரி, படிச்சு முடிச்சா முதல் எங்கட எஞ்சினைப் பார். அது பழுதாகி என்ரை மனிசன் நாலு நாளாய் வீட்டிலைதான்."