சாயங்காலம் மணக்கும் செடி

நல்ல வாசனைக்கு விலை போட முடியாது என்பார்கள். எங்கள் பூச்செடிக் கடையில் போட்டிருந்தோம். தொட்டி நானூறு, அடித்துப் பேசினால் முந்நூற்றைம்பது.

வெள்ளையாய், தலைகீழாகத் தொங்கும் பூ. ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு. பூவிலிருந்து வேர்வரை விஷம். பொழுது சாய்ந்தால்தான் மணக்கும். பகலில் வருகிறவர்களை, சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அந்த வாசனையில் நின்றுகொண்டு யாரும் நெடுநேரம் பேரம் பேசியதில்லை.

கெடுப்பது அண்ணன்தான். பணம் கல்லாவில் விழுந்த பிறகும் வாய் சும்மா இருக்காது.

"குழந்தை இருக்கிற வீடாம்மா? அப்ப இது வேணாம். ரோஜா எடுத்துட்டுப் போங்க."

ரோஜா அறுபதுதான், அய்யா.

போன மாதம் ஒரு குழந்தை அந்தப் பூவைக் கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டது. அண்ணன் கடையில் இல்லாதபோது நான் விற்ற செடி. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடலாம்டா."

"கடையே அதுலதாண்ணே ஓடுது. பாதியையாவது விடுங்க."

"விஷத்துல என்னடா பாதி, முழுசு? என்கிட்டயே பேரமா?" சிரித்தார்.

கால்வாசிவரை இறங்கி வந்தேன். அவர் ஒரு செடிகூட இறங்கவில்லை. ஒருவர் அசையவே மாட்டேன் என்றால் மற்றவர் என்னதான் செய்வது?

கடை சாத்துமுன் ஆளுக்கொரு டீ எங்கள் வழக்கம். யார் காசு கொடுப்பது என்று தினமும் சண்டை வரும். அன்று அவர் முறை.

"சில்லறை இல்லடா."

"போனாப் போகுது, நானே வாங்கிட்டு வரேன்."

அதில் என்ன கலந்தேன் என்பதை உங்கள் ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது. கசக்குதுடா என்றார். சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் என்னையே உற்றுப் பார்த்தார்.

"செடி வாங்க வந்தீங்களா? குழந்தை இருக்கிற வீடா?"

இல்லை என்றேன். எனக்குக் குழந்தை கிடையாது, அது பொய்யில்லை.

மூச்சு அடங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். ஆனாலும் அவரைத் தனியே விட்டுப்போக மனம் வரவில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டதெல்லாம் சரி, அய்யா. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அன்றைய டீ அவர் முறை, காசு கொடுத்தது நான். அந்தக் கணக்கில் அண்ணன்தான் எனக்குப் பாக்கி.